அன்பின் வேடம்: ‘இந்தியன் ஹார்ஸ்’ நாவல் குறித்து

கனடாவின் முதற்குடி மக்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்கள் அந்நாட்டு இலக்கியத்தில் இன்று தனியிடம் பெற்றுள்ளன. அவற்றுள் இறையியல் மாணவர் தவறாது கற்கவேண்டியது, ஒஜிப்வே இனத்தவரான ரிச்சர்டு வாகமீஸ் (1955–2017) எழுதி 2012இல் வெளிவந்த ‘இந்தியன் ஹார்ஸ்’ என்னும் நாவலாகும்.

கனடாவில் அரசின் துணையுடன் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 150,000 முதற்குடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்கும் தண்டனை பெற்றனர். இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015இல் அறிவித்தது. வாகமீஸ் அப்பள்ளிகளில் பயின்றவர் அல்லர். பயின்றோரின் காயங்களிடையே பிறந்து, இளமையிலேயே குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டவர்.

கதைத்தலைவன் சவுல், குடிப்பழக்கத்தினின்று மீளும் பொருட்டு ஓர் இல்லத்தில் தங்கித் தன் கதையை எழுதுகிறான். கத்தோலிக்கப் பள்ளியொன்றின் கொடுமைகளுக்கு நடுவே, லெபுட்டிலியே என்னும் குரு அவனுக்குப் பனி ஹாக்கி கற்பித்து அன்பு பாராட்டுகிறார். அவரை நாமும் நேசிக்கத் தொடங்குகிறோம். கதையின் இறுதிப் பகுதியில்தான், அந்த அன்பின் மறைவில் அவர் சிறுவனைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்று தெரியவருகிறது. சவுல் தன்னிடமிருந்தே மறைத்த உண்மை அது. ஆசிரியர் இதைப் பிந்திச் சொல்வது வெறும் கதை உத்தியன்று. நற்பணியின் தோற்றத்தைக் கண்டு நிறைவடையும் சபையின் கண்களையே அவர் வாசகருக்கு இரவல் தந்து, பின்னர் அக்கண்களைக் குற்றஞ்சாட்டுகிறார். பிற குருமாரும் கன்னியரும் தனிமுகம் பெறாமல் கொடுமையின் உருவங்களாகவே நிற்பது நாவலின் குறை எனலாம்; எனினும் இம்மைய அமைப்பின் வலிமை அதனால் குன்றவில்லை.

இது கத்தோலிக்கரின் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் சபைகளும், தென்னிந்தியத் திருச்சபையைப் போலப் பல சபைகளின் இணைப்பால் 1925இல் உருவான கனடா ஐக்கிய திருச்சபையும் இத்தகைய பள்ளிகளை நடத்தின. ஐக்கிய திருச்சபையின் பேரவை 1986இல் சட்பரி நகரில் முதற்குடி மக்களிடம் மன்னிப்புக் கோரிற்று. எனினும் உறைவிடப் பள்ளிகளைப் பெயர் சொல்லி அறிக்கையிட 1998 வரை ஆயிற்று. முதல் வேண்டுகோளைக் கேட்டறிந்ததாக அம்மக்கள் 1988இல் தெரிவித்தனர், ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. அதன் நினைவாகச் சட்பரியில் எழுப்பப்பட்ட கற்குவியலும் வேண்டுமென்றே முற்றுப்பெறாமல் விடப்பட்டது.

சவுலின் நலமும் குருவின் பாவ அறிக்கையால் வருவதன்று. தன் மக்களிடம் திரும்பி உண்மையைச் சொல்வதால் வருகிறது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனிடம் முதலில் செல்லுமாறு நம் ஆண்டவர் பணித்தார் (மத்தேயு 5:23-24). சென்ற உடனே அவன் நம்மைத் தழுவிக்கொள்வான் என்று அவர் வாக்களிக்கவில்லை. அவனுடைய காலத்திற்காகக் காத்திருப்பதும் மனந்திரும்புதலின் பகுதியே என்பதை இந்நாவல் சபைக்கு உணர்த்துகிறது.