பி0301 யாரைக் குற்றம் சொல்கிறது?

மெர்சிங் படகுத்துறைப் பக்கம் காரை விட்டுவிட்டுத் தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அதற்குள் சில கார்கள் ஸ்டார்ட் ஆக மறுக்கும். சில, ஸ்டார்ட் ஆகியும் நின்ற இடத்திலேயே உதறும். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் வெளியே வருவது ஸ்கேனர். திரையில் வரும் குறியீட்டைப் படித்து, அது சுட்டும் பாகத்தை மாற்றுவது இன்று பலருடைய வழக்கம்.

இந்த வழக்கத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காதால் கேட்டே கோளாறைப் பிடித்தார்கள். இன்றைய இஞ்சினில் கணினி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் விழும் சிறு தொய்வை வைத்தே எந்த சிலிண்டர் எரியவில்லை என்று கணக்கிடுகிறது. கோளாறு தலைகாட்டிய நொடியில் இருந்த சூட்டையும் சுற்று வேகத்தையும் பதிந்தும் வைக்கிறது. கோத்தா திங்கி சாலையில் மழையில் உதறிவிட்டுப் பட்டறை வாசலில் சாதுவாக நிற்கும் காருக்கு அந்தப் பதிவைவிட நல்ல சாட்சி கிடையாது.

சாட்சி சொன்னதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது மட்டுமே. காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவும் காரணமாகலாம். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் வேறிடம் தேட வேண்டும். இதற்குச் செலவு சில நிமிடங்கள். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். விரிசல் விட்ட வேக்குவம் குழாயைத் தேடாமல் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது, உண்மை சொன்னவனையே தண்டிப்பது.

ஸ்கேனரின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. கடலோர ஊரின் உப்புக்காற்றும் நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் பருவமழை ஈரமும் எர்த் வயரின் முனையை அரிக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்தால் முதலில் பேட்டரியையும் எர்த்தையும் பார்ப்பது நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரைச் சந்தேகிக்கலாம்.

படகுத்துறையில் செத்துக் கிடக்கும் பேட்டரிக்கும் கணக்கு உண்டு. பூட்டி நிறுத்திய கார் 0.05 ஆம்பியர் இழுத்தால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம் தாங்கும். எங்கோ ஒரு ரிலே ஒட்டிக்கொண்டு அரை ஆம்பியர் இழுத்தால் 80 மணி நேரத்தில், அதாவது தீவுக்குப் போய்த் திரும்புவதற்குள், காலி. இந்த மின்கசிவைத் தேடாமல் புதுப் பேட்டரி போட்டால் அடுத்த பயணத்திலும் அதே கதைதான்.

பழியை மெக்கானிக் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. மாற்றிய பாகத்துக்குக் காசு கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் சோதித்து "பாகம் எதுவும் மாற்ற வேண்டாம்" என்று சொல்பவருக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். சோதனைக்குக் கூலி இல்லாத இடத்தில் பாகம்தான் விற்கும். ஸ்கேனர் பதிவை அழிப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லி, எந்தச் சோதனை அதை உறுதிசெய்தது என்று கேட்போம். அந்தச் சோதனைக்கான கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுப்போம்.