வேதநாயகம் பிள்ளையின் படைப்புகளில் கொடையும் கடமையும்

கிறித்தவத் தமிழிலக்கியம் என்றவுடன் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) நாவல் முன்னோடியாகவும் சமரசக் கீர்த்தனை ஆசிரியராகவும் வேறு இயல்களில் பேசப்படுகிறார். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலியன மட்டுமே அவருடைய சமயப் படைப்புகளாகக் கொள்ளப்படுகின்றன. இப்பகுப்பு மறுபரிசீலனைக்குரியது.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். தாம் அடைந்த அருளைப் பாடிப் பாடி நன்றி செலுத்துவதே அவர் காப்பியத்தின் இயக்கம். வேதநாயகரோ பிறப்பால் கத்தோலிக்கர். வழிவழி வந்த உடைமை கொடை என்பது எளிதில் மறந்துபோகும். அதை மறவாமல் வாழ்வதெப்படி என்னும் வினாவுக்கு அவர் துதியில் மட்டுமன்றி ஆட்சியிலும் நீதியிலும் விடை தேடினார் என்பது என் கருத்து. முன்சீப்பாகப் பணியாற்றிய ஒருவர் 1859-இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்ததை அறவுரை மரபின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஆணுடையில் இருக்கும் ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் விக்கிரமபுரியின் அரசாகிறாள். யானை அரசனைத் தேர்ந்தெடுப்பது நாட்டுப்புறக் கதைகளில் நாமறிந்த கூறு. அங்கே மாலை விழுந்ததும் கதை பெரும்பாலும் நிறைவுறும். அரசுரிமை நற்பேற்றின் பரிசு. வேதநாயகரிடம் மாலை விழுந்த பின்னரே கதை கனம் பெறுகிறது. உழைத்துப் பெறாத அதிகாரத்தை ஞானாம்பாள் தனதென்று கொள்ளவில்லை. முறைசெய்து, பின்னர் உரியவரிடம் ஒப்படைத்து நீங்குகிறாள். விவிலியத் தமிழில் இந்நிலைக்கு 'உக்கிராணக்காரன்' என்றொரு சொல் உண்டு. பொருள் பிறருடையது, பொறுப்பு தன்னுடையது, கணக்குக் கொடுக்கும் நாளும் உண்டு. மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமையும் இதையே சுட்டுகிறது. புதைத்துக் காத்தவன் எதையும் இழக்கவில்லை. ஆயினும் அவன்தான் கடிந்துகொள்ளப்படுகிறான்.

ஒப்புரவு பேசும் குறள் மரபே இதற்குப் போதுமே, கிறித்தவம் எதற்கு என்று கேட்கலாம். வகுப்பறையில் இந்நாவலை நடத்தும்போது மாணவர் தவறாமல் எழுப்பும் வினா இது, நியாயமானதும்கூட. கைம்மாறு கருதாமை இரண்டிற்கும் பொது. ஆனால் குறளின் ஒப்புரவாளன் தான் முயன்று ஈட்டிய பொருளைத் தக்கார்க்குப் பயன்படுத்துபவன். ஞானாம்பாளிடம் இருப்பதோ ஈட்டாத பொருள். அவள் நிலை உக்கிராணக்காரனுக்கு அணுக்கமானது என்று துணிவதற்கு இவ்வேறுபாடே காரணம். ஆசிரியர் நாவலில் இதற்குச் சமயப் பெயர் சூட்டவில்லை. சூட்டாததே கதைக்கு நல்லதாயிற்று.

குறையும் உண்டு. ஞானாம்பாள் எங்கும் தடுமாறுவதில்லை. கடமையின் சுமை அவளை ஒருமுறையேனும் வருத்தியிருந்தால் நீண்ட அறவுரைகள் உயிர்பெற்றிருக்கும். நீதிநூற் கருத்துகளுக்கு எடுத்துக்காட்டாகவே இந்நாவலை எழுதியதாக ஆசிரியர் முன்னுரையில் கூறுவது இக்குறையை விளக்குமேயன்றி நீக்காது.

அத்தடுமாற்றத்தைக் காண 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைக்குத்தான் செல்லவேண்டும். 1876–78 பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தவர் அவர். அக்கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியுள்ளார். அதே வேதநாயகர் பஞ்சம் தீர இறைவனை வேண்டும் பாடல்களில் கொடையாளராக நிற்கவில்லை. கையிருப்பு போதாதென்று கண்டுகொண்ட ஒருவரின் குரலே அங்கு ஒலிக்கிறது.