பிளிங்க் என்னும் முதல் பாடம்

வல்லத்தில் அக்கா வீட்டு மோட்டார் கொட்டகைச் சுவரில் மூன்று பல்புகள் உண்டு. மூன்றும் பளிச்சென்று எரிந்தால் த்ரீ ஃபேஸ் வந்துவிட்டது. ஒன்று அணைந்திருந்தாலும் மோட்டாரைப் போடக்கூடாது, காயில் கருகிவிடும். செஞ்சிப் பக்கத்தில் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு விளக்கு என்பது ஒரு செய்தி. மைக்ரோகன்ட்ரோலர் போர்டைத் தொடும் பிள்ளைக்கு உலகமெங்கும் முதலில் கொடுக்கப்படும் ‘பிளிங்க்’ பயிற்சியையும் இதே அளவுகோலால் அளக்க விரும்புகிறேன். ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணைந்திருக்கும் அந்தச் சின்ன எல்.இ.டி. என்ன செய்தி சொல்கிறது?

இந்தக் கேள்வி சிறியதல்ல. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, நாடு முழுக்க சுமார் 10,000 கூடங்களை உருவாக்கியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் வரும் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் நாள் ஆர்டுயினோ போர்டோடும் பிளிங்க்கோடும்தான் தொடங்கும்.

பிளிங்க்குக்கு உரிய புகழை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பயம் தெளிவது. அந்த வேலையை பிளிங்க் இன்றும் செய்கிறது. யு.எஸ்.பி. கேபிள், டிரைவர், போர்ட் தேர்வு, கம்பைல், அப்லோடு என்று பிழை நேர இடமுள்ள ஐந்தாறு கண்ணிகளையும் ஒரே விளக்கு சரிபார்த்துவிடுகிறது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளோடு நான் ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் இந்தச் சோதனையின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சோதனையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. புதிய போர்டுகள் பெரும்பாலும் பிளிங்க் நிரல் ஏற்றப்பட்டே வருகின்றன. செருகியதும் விளக்கு மின்னும். பிள்ளை தன் நிரலை அனுப்பிய பிறகும் அதே போலத்தான் மின்னும். தான் எழுதியது ஓடுகிறதா, கம்பெனி ஏற்றியது ஓடுகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? நிரலில் ஒரு நொடியைக் குறிக்கும் 1000 என்ற எண்ணை 100 ஆக மாற்றி அனுப்பினால்தான் விளக்கு உண்மை பேசும்.

அடுத்த குறை, மின்னுவது போர்டிலேயே ஒட்டியிருக்கும் விளக்கு என்பது. பிள்ளை ஒரு ஒயரையும் தொடுவதில்லை. பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி ஒரு சாண் தூரத்தில் சும்மா கிடக்கிறது. தனியாக ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 220 ஓம் ரெசிஸ்டரோடு பிரெட்போர்டில் செருகச் சொன்னால், 5 வோல்ட்டில் விளக்குக்குப் போகும் 2 வோல்ட்டைக் கழித்து, மீதியை 220ஆல் வகுத்து, சுமார் 14 மில்லி ஆம்பியர் என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டின் ஒரு பின் எந்த நிலையிலும் 40 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்பதும் அப்போது மனப்பாடமாக இல்லாமல் காரணத்தோடு பதியும்.

இவை இரண்டையும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். நான் பொறுக்க மறுப்பது மூன்றாவதை. பிளிங்க் நிரலின் உயிர் ‘டிலே’ என்ற கட்டளை. நொடிக்கு 1.6 கோடி துடிப்பு உள்ள சிப், அந்த ஒரு நொடி முழுக்க அடுத்த வரிக்குப் போகாமல் அங்கேயே நிற்கும். பட்டனை அழுத்தினாலும் நிரல் அதைப் பார்க்காது. இரண்டு விளக்குகளை இரண்டு வேகத்தில் மின்னவைக்கச் சொன்னால் இந்த முறை அப்போதே தடுமாறும். முதல் நாள் கற்றது கையை விட்டுப் போகாது. ‘தானியங்கிப் பாசனம்’ என்று கண்காட்சிக்கு மாடல் செய்யும் பிள்ளை, பத்து நிமிடம் மோட்டார் ஓடட்டும் என்று டிலேக்குள் 10 × 60 × 1000 என்று எழுதுகிறது. அந்த யூனோவில் முழு எண் 16 பிட் மட்டுமே. பெருக்கல் நிரம்பி வழிந்து 10,176 ஆகிவிடும். பத்து நிமிடம் பத்து நொடியாகச் சுருங்கும். எச்சரிக்கையைத் திறந்து வைத்தால் கம்பைலர் எச்சரிக்கும், அதைப் படிக்க யார் சொல்லித்தந்தார்கள்?

டிங்கர்கேட் போன்ற திரைச் சிமுலேட்டரில் தொடங்கலாமே என்று கேட்கலாம். போர்டு இல்லாத பள்ளிக்கு அது வரம். ஆனால் அங்கே கேபிள் பழுதாவதில்லை, பிரெட்போர்டில் கால் நழுவுவதில்லை. அதனால் அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம், போர்டுக்கு ஈடாக வைக்க முடியாது.

என் முடிவு இது. பிளிங்க் நல்ல சோதனை, குறைபட்ட பாடம். முதல் ஐந்து நிமிடத்துக்கு அது இருக்கட்டும். அதே வகுப்பு முடிவதற்குள் வெளி விளக்கும் ஒரு பட்டனும் வந்து, டிலேயின் குருட்டுத்தனம் பிள்ளையின் கண்ணெதிரே அம்பலமாகி, நேரத்தைக் கேட்டுப் பார்த்து நடக்கும் ‘மில்லிஸ்’ முறை அறிமுகமாக வேண்டும். அதற்கு நேரமில்லை என்கிற பள்ளி அன்று தொடங்காமல் வேறொரு நாள் தொடங்குவதே மேல். 5 வோல்ட் போர்டுக்கும் 415 வோல்ட் மோட்டாருக்கும் நடுவே பெரியவர்கள் நிற்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அக்கா மகள் பிளஸ் ஒன்னில் சி++ படிக்கிறாள். போன விடுமுறையில் அவளிடம் இந்த வரிசையில்தான் போர்டைக் கொடுத்தேன். டிலேயை ஐந்து நொடியாக்கிவிட்டு பட்டனை அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள், விளக்கு அசையவில்லை. மறுபடியும் அழுத்தினாள். சன்னல் வழியே கொட்டகையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, இது மோட்டாரா இருந்து, உள்ள ஆளு மாட்டிக்கிட்டா?”

பதில் சொல்வதற்குள் அந்த டிலே வரியை அவளே அழித்துவிட்டிருந்தாள்.