ஒளி யார்மேல் விழுகிறது?

கணினி விளையாட்டில் வரும் போர்வீரன் ஒருவனின் கோட்டுச் சித்திரத்தை எடுத்து, அதற்கு உண்மைபோன்ற ஒளிநிழல் கொடுத்து வண்ணந்தீட்டுவது இன்று இளைஞர் பலர் விரும்பிப் பயிலும் கலையாகியுள்ளது. முதலில் சீருடைக்கும் தோலுக்கும் துப்பாக்கிக்கும் தட்டையான நிறங்கள் இடப்படுகின்றன. பின்னர் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்பது தீர்மானிக்கப்படுகிறது. அத்தீர்மானத்துக்கமையத் தலைக்கவசத்தின் கீழ் நெற்றியில் நிழல் படிகிறது. சட்டையின் மடிப்புகள் ஆழம் பெறுகின்றன. துப்பாக்கியின் உலோக விளிம்பில் வெண்மை மின்னுகிறது. நிழலுக்குள்ளும் நிலத்திலிருந்து தெறிக்கும் ஒளி மெல்லப் படர்கிறது. தட்டையாகக் கிடந்த உருவம் திரட்சி பெற்று எம்முன் எழுந்து நிற்கிறது.

இத்திறமையை நாம் குறைத்து மதிப்பிட வரவில்லை. பொறுமையையும் கூர்ந்த நோக்கையும் வேண்டி நிற்கும் உழைப்பு அது. ஆயின், அப்படத்தைக் கண்டதும் "எவ்வளவு யதார்த்தம்!" என்று வியக்கிறோமே, அங்கேதான் விமரிசகனின் கேள்வி தொடங்குகிறது. பொருளின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தோன்றியவாறே காட்டிவிட்டால் அது யதார்த்தமாகிவிடுமா?

இலக்கியத்தில் நாம் நீண்டகாலம் விவாதித்த கேள்வி இது. மலையகத் தோட்டத்து லயத்தின் ஒழுகும் கூரையையும் அடுப்புப் புகையையும் அங்குலம் அங்குலமாக வருணித்துவிட்டு, அந்த லயம் யாருடைய இலாபத்துக்காக அந்நிலையில் வைக்கப்பட்டது என்பதைச் சொல்லாது விடும் கதையை இயற்பண்புவாதம் என்றோம். மனிதரை அவர்தம் வாழ்வை இயக்கும் சமூக உறவுகளோடு சேர்த்துக் காட்டுவதையே யதார்த்தவாதம் என்றோம். ஓவியத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் இவ்வளவுகோல் பொருந்தாது என்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

2019 ஒக்டோபரில் வெளிவந்த 'கோல் ஒஃப் டியூட்டி: மொடேர்ன் வோர்ஃபெயார்' என்னும் அமெரிக்க விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மெய்யான பொருள்களைப் பல கோணங்களிலிருந்து படம்பிடித்து, அப்படங்களைக் கொண்டே கணினியில் அவற்றின் உருவங்களை அமைத்தனர். துணியில் ஒளி எவ்வாறு மங்குகிறது, உலோகத்தில் எவ்வாறு தெறிக்கிறது என்பன பௌதிக விதிகளின்படி கணிக்கப்பட்டன. ஒளிநிழலைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை என்பதை மறுப்பதற்கில்லை.

அவ்விளையாட்டிலே, கற்பனை நாடொன்றில், 'மரண நெடுஞ்சாலை' என்றொரு கட்டம் வருகிறது. எரிந்து கருகிய வாகனங்கள் வழிநெடுகக் கிடக்கின்றன. தப்பியோடிய மக்கள்மீது ருஷ்யப் படையினர் குண்டு வீசியதால் வந்த அழிவு இது என்று விளையாட்டு எமக்குக் கூறுகிறது. ஆனால் அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1991 பெப்ரவரி 26ஆம் திகதி இரவும் மறுநாளும், குவைத்திலிருந்து ஈராக்கின் பஸ்ரா நோக்கிச் செல்லும் பாதையில், பின்வாங்கிச் சென்ற ஈராக்கியரின் வாகன வரிசைகளைத் தாக்கியழித்தவை அமெரிக்கா தலைமை தாங்கிய கூட்டணியின் விமானங்கள். அந்த வாகனச் சிதைவுகளின் படங்களை உலகம் அன்றே கண்டது. விளையாட்டு வெளிவந்தபோது இப்புரட்டைப் பலர் சுட்டிக்காட்டிக் கண்டித்தனர்.

ருஷ்யப் படைகள் பிற இடங்களில் புரிந்த கொடுமைகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் சுட்டுவது வேறொன்று. கருகிய தகடு ஒவ்வொன்றிலும் ஒளி பிசகாமல் விழுந்திருக்கிறது. குண்டு வீசியவனின் அடையாளம் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. மேற்பரப்பு எவ்வளவுக்கு மெய்யாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அதனோடு வரும் பொய்யும் ஐயமின்றி ஏற்கப்படுகிறது. வெறும் நுட்பம் ஆள்வோரின் கைக்கருவியாவது இவ்வாறுதான்.

இதற்கு மாறாக ஸ்பானிய ஓவியர் கோயாவைப் பார்ப்போம். 1808 மே 2ஆம் திகதி மட்ரிட் நகர மக்கள் நெப்போலியனின் படைக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதற்குத் தண்டனையாகப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொலையை 1814இல் கோயா தீட்டினார். பிராடோ நூதனசாலையில் உள்ள அப்படத்தில், நிலத்தில் வைத்த விளக்கொன்றின் ஒளி, கைகளை உயர்த்தி நிற்கும் வெண்சட்டைக்காரன்மீது முழுமையாக விழுகிறது. சுடுகின்ற வீரர்களோ வரிசையாக முதுகு காட்டி நிற்கின்றனர், முகங்கள் தெரியவில்லை. ஒரு விளக்கு அவ்வளவு வெண்மையைத் தருமா என்று அளந்து பார்ப்போர் குறை காணலாம். ஆனால் கொல்லப்படுபவன் மனிதன் என்பதையும், கொல்வோர் ஏகாதிபத்தியத்தின் முகமற்ற இயந்திரமாக்கப்பட்டவர்கள் என்பதையும் அந்த ஒளியே சொல்லிவிடுகிறது. நிழலிடுதல் அங்கே ஒரு தீர்ப்பாகிறது.

'விளையாட்டு விளையாட்டுத்தானே, அதில் இத்தனையும் தேடலாமா?' என்று சிலர் கேட்பர். போலந்தின் வோர்சோவைச் சேர்ந்த நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' அவர்களுக்கு விடை கூறும். 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை ஆதாரமாகக் கொண்டு எழுந்த விளையாட்டு அது. அதில் நாம் போர்வீரர் அல்லர். இடிந்த வீட்டில் உணவுக்கும் மருந்துக்கும் அலையும் சாதாரண மக்கள். முதிய தம்பதியரின் வீட்டில் திருடுவதா, பட்டினி கிடப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள். படங்களோ கரித்துண்டால் வரைந்தவை போன்று மங்கியவை. எனினும் போரின் உண்மை அங்கே இருக்கிறது. 2020இல் போலந்து அரசு அதனைப் பாடசாலை மாணவர்க்குரிய வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டில் வாழும் எமக்கு, படச் சட்டத்துக்கு வெளியே நிற்போர் யாரென்று பிறர் சொல்லத் தேவையில்லை. எம் மாணவர்களும் இத்தகைய வீரர்களைத் தீட்டுகின்றனர். அவர்களைத் தடுக்க வேண்டாம். ஒளிநிழலின் நுட்பத்தை அவர்கள் நன்கு கற்கட்டும். ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழகியவர்கள், அது யார்மேல் விழுகிறது, யார் இருளில் தள்ளப்பட்டனர் என்றும் கேட்கப் பழகவேண்டும். அதைக் கற்பிப்பது சித்திர ஆசிரியரின் கடமை மட்டுமன்று. நம் அனைவரின் கடமையுமாகும்.