கல்லில் வெட்டிய பெயர்கள்

பண்டைய எகிப்தின் சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் கோட்டழகிலேயே மயங்கி நின்றுவிடுகின்றனர். அரசனின் பெயரைச் சூழ்ந்து கிடக்கும் நீள்வட்டம், கயிற்றை வளைத்து முடிச்சிட்டது போன்ற அவ்வடிவம், அவர்களுக்கு வெறும் அலங்காரம். அஃது ஓர் உரிமைச் சாசனம் என்பதைக் காண மறுப்பவர் சிற்பத்தின் பாதியையே காண்கின்றார்.

அபிதோசிலே முதலாம் சேத்தி எழுப்பிய கோயிலின் உட்சுவர்களில், சூழவுள்ள கல்லைச் செதுக்கி அகற்றி உருவங்களை மெல்லப் புடைத்தெழச் செய்திருக்கின்றனர். அந்நுட்பத்துக்கு ஈடாக எகிப்தில் அதிகம் இல்லை. அவன் மைந்தன் இரண்டாம் இராம்சேஸ் அக்கோயிலில் நிறைவுசெய்த பகுதிகளிலோ உருவங்கள் கல்லினுள் குழிந்து கிடக்கின்றன. வெயில் விழும் சுவருக்குக் குழிவுச் செதுக்கல் பொருத்தமானதே. விரைவில் முடியும் என்பதும் உண்மை. ஆனால் மெதினெத் ஹபுவில் மூன்றாம் இராம்சேசின் பெயர் கை நுழையுமளவு ஆழமாக வெட்டப்பட்டிருப்பதற்கு வெயில் மட்டும் காரணமாகுமா? லக்சர் கோயிலின் தூண் மண்டபத்தில் துட்டன்காமனின் பெயரை நீக்கி ஹொரெம்ஹெப் தன் பெயரைப் பொறித்தான். இரண்டாம் இராம்சேசும் முன்னோர் சிலைகள் பலவற்றைத் தன் பெயரால் தனதாக்கிக்கொண்டான். அவ்வாழத்தைக் கம்பீரம் என்று வியப்பவர் உண்டு. எமக்கு அதிலே அச்சமே தென்படுகின்றது.

பெயர் அழிந்தால் ஆளே மறுமையில் அழிவான் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆகவே இதனை வீண் தற்பெருமை என்று தள்ளிவிடுதலும் முறையன்று. தெய்ர் எல் பஹ்ரியில் அரசி ஹத்ஷெப்சுத்தின் பெயர்களை மூன்றாம் துத்மோசின் ஆட்சிப் பிற்பகுதியில் உளி கொண்டு சிதைத்தனர். 1829இல் அங்கு சென்ற ஷாம்போலியன், தாடியுடன் நிற்கும் அரசனைக் குறிக்குமிடத்துப் பெண்பால் விகுதிகளைக் கண்டு திகைத்தார். பெயரைத் தேடிய உளிக்கு விகுதி தப்பிவிட்டது!

அரசரின் கல்லறைகளைக் குடைந்து தீட்டியோர் தெய்ர் எல் மெதினாவில் வாழ்ந்த தொழிலாளர். மூன்றாம் இராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், தானியப்படி வந்துசேராமையால் அவர்கள் வேலையை விட்டு வெளியேறி, கோயில்களின் பின்புறத்தே போய் அமர்ந்தார்கள். பசியையும் தாகத்தையும் முறையிட்டார்கள். இச்செய்தியை எந்த ஆழமான எழுத்தும் தாங்கவில்லை. இத்தாலியின் தூரின் நகரிலுள்ள பப்பைரஸ் ஏடொன்றே தாங்குகின்றது. முந்திய மாதத்துப் படி அவர்களுக்குக் கிடைத்தது; ஆயினும் அதே ஆண்டில் மீண்டும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று.