பழைய பெயின்டைச் சுரண்டலாமா?

1888-இல் தாமஸ் ஆடம்ஸ் நியூயார்க்கின் ரயில் நடைமேடைகளில், காசு போட்டால் சூயிங் கம் தரும் பெட்டிகளை வைத்தார். உருண்டை கம் விற்கும் இயந்திரங்கள் 1907 வாக்கில் வந்தன. கடை வாசலில் நின்ற அவை இன்று சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கின்றன. அங்கே ஓயாத வழக்கு ஒன்று: பழசைப் புதுசாக்கலாமா, கூடாதா?

புதுப்பிக்கிறவர்களிடம் வலுவான வாதம் உண்டு. இவை உழைக்கப் பிறந்தவை. அன்று இவற்றை வைத்துத் தொழில் நடத்திய ஆபரேட்டர்களே நிறம் மங்கினால் பெயின்ட் அடித்தார்கள், கண்ணாடி உடைந்தால் மாற்றினார்கள். நாம் செய்தால் மட்டும் குற்றமா?

கண்ணாடி விஷயத்தில் இதை முழுக்க ஏற்கிறேன். பல இயந்திரங்களில் மூடியையும் அடிப்பாகத்தையும் நடுவே ஓடும் ஒரே கம்பிதான் இறுக்கிப் பிடிக்கிறது. பூட்டைத் திறந்தால் கண்ணாடி தனியாகக் கையில் வந்துவிடும். கழற்றி மாட்டவென்றே செய்த பாகம் அது.

பெயின்ட் அப்படியல்ல. காசுத் துளையைச் சுற்றிப் பாருங்கள்: விரல்கள் பட்டுப் பட்டு உலோகம் வெளுத்திருக்கும். சில்லு பெயர்ந்த இடத்தில் சிவப்புக்கு அடியில் பச்சை எட்டிப் பார்க்கும். ஆபரேட்டர் பழசின் மேலேயே அடித்தார். கீழே இருந்தது பிழைத்துக்கொண்டது. இன்றைய பவுடர் கோட்டிங்குக்கு மணல் பீய்ச்சி எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும். இரண்டும் ஒரே வேலை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இலினாய் மாநிலம் மோரிஸில் நார்த்வெஸ்டர்ன் நிறுவனம் 1933-இல் கொண்டுவந்த ‘33’ போன்ற எனாமல் இயந்திரங்களில் இழப்பு இன்னும் பெரிது. எனாமல் என்பது கண்ணாடித் தூளை இரும்பின்மேல் சூளையில் உருக்கிப் படியவைத்தது. கார் பெயின்ட் அதற்கு ஈடாகாது.

உள்ளே இருக்கும் பொறிக்கு வேறு நியாயம். 19.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சென்ட் காசு விழுந்தால்தான் கைப்பிடி முழுதாகத் திரும்பும். குழிகள் கொண்ட சக்கரம் நகர்ந்து ஒரே ஓர் உருண்டையைச் சரிவில் தள்ளும். துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெயில் ஊறவைத்து, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, ஓடச் செய்ய வேண்டும். காசில்லாமலே சுழலட்டும் என்று உள்ளே அறுத்துவிடுகிறார்களே, அதை மன்னிக்கவே முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: கண்ணாடியை மாற்றலாம், பொறியைப் பழுது பார்க்கலாம். பெயின்டைத் துடைத்து மெழுகிடுவதோடு நிறுத்த வேண்டும். துரு இரும்பையே தின்னும் இடத்தில் மட்டும், அந்த அளவுக்கே கைவைக்கலாம். பளபளக்கும் ஒன்றும், மாற்றுக் கண்ணாடியோடு நிறம் மங்கிய ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், மங்கியதையே வாங்குவேன்.