ஓடும் பந்தும் தமிழ் மொழியும்

நம்மவரில் ஆங்கிலங் கற்றோர்க்கு ஒரு நோய் உண்டு. விளையாட்டைப் பற்றிய பேச்சுங்கூட ஆங்கிலத்தில் இருந்தாலன்றி மதிப்பில்லை என எண்ணுவதே அந்நோய். கெடாத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாமும் அதற்கு விலக்கல்லோம். ‘தமிழில் கிரிக்கெட் வருணனையா?’ என்று நகைத்தோருள் நாமும் இருந்தோம். சாத்தான்குளம் ஜனாப் அப்துல் ஜப்பார் அவர்களின் குரலை ஒலிப்பதிவில் கேட்ட பின்னரே அந்நகைப்பின் சிறுமை நமக்கு விளங்கிற்று.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த இப்பெரியார், இலங்கை வானொலி நாடகங்களில் குரல் பழகியவர். பின்பு சென்னை வானொலியின் கிரிக்கெட் வருணனையாளராகப் புகழ் பெற்றவர். பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் பேசியவர். தம் ஒலிபரப்பு வாழ்வைக் ‘காற்று வெளியினிலே’ என்ற நூலாகவும் எழுதினார். நாடகத்திலிருந்து மைதானத்திற்கு வந்தது அவருக்கு நல்ல பயிற்சியே. கண் காணாத மேடையைக் காதுக்குக் காட்டுவதன்றோ வானொலி நாடகம்!

1927ஆம் ஆண்டு இலண்டனில் பி.பி.சி. முதன்முதலாகக் கால்பந்துப் பந்தயத்தை ஒலிபரப்பியபோது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்த படமொன்றைத் தன் பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்தது. படமில்லாத தமிழனுக்குச் சொல்லே படமாக வேண்டும். ஓட்டம், மட்டையாளர், சுழற்பந்து, எல்லைக்கோடு என்று சொற்கள் இருந்தால் மட்டும் போதுமா? வேகப்பந்து ஏறத்தாழ அரை விநாடியில் மட்டையை அடைகிறது. தமிழ் வாக்கியத்திலோ வினைச்சொல் கடைசியில் வரும். அடித்தாரா, ஆட்டமிழந்தாரா என்பது இறுதிச் சொல் வரையில் தெரியாது. இதனைக் குறையென்பர் சிலர். ஜப்பார் அவர்கள் அக்காத்திருப்பையே சுவையாக்கினார். இலக்கிய நயம் கலந்து பேசுவது அவர் வழக்கம். உவமை மிகுந்தால் ஓட்டக்கணக்குப் பின்தங்கும் என்று குறை கூறுவோர் கூறலாம். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வறண்ட கணக்கைக் கேட்க யார் வானொலியருகே நாளெல்லாம் உட்காருவர்?

அவர் போன்றோர் செய்த பெருந்தொண்டு யாதெனில், தரகு ஒழித்தமையே. முன்னெல்லாம் ஆங்கிலம் தெரிந்தவன் கேட்பான். தெரியாதவன் ‘என்ன ஆயிற்று, ஐயா?’ என்று அவன் வாயைப் பார்த்து நிற்பான். தமிழ் வருணனை வந்ததும் இருவரும் ஒரே நொடியில் ஆரவாரித்தனர். சமத்துவம் மேடைப் பேச்சில் மட்டும் பிறப்பதன்று.

2017ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விளையாட்டிற்கென்றே தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசை நடக்கிறது. மகிழ்ச்சியே. ஆனால், பாதி ஆங்கிலமும் மீதி வெட்டிச் சிரிப்புமாகப் பேசுவது தமிழ் வருணனையாகுமா? கண்ணுக்குப் படம் இருக்கையில் வாய்க்கு அடக்கமும், சொல்லுக்குத் தெளிவும் வேண்டும்.

நமக்கும் இதில் கடமை உண்டு. சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் ஒலிபெருக்கியைப் பெரியவர்களே பிடித்துக்கொள்ளாமல், ஒரு மாணவியிடம் கொடுத்து, ‘ஓடுவதைத் தமிழில் சொல்லம்மா’ என்போம். அவள் முதலில் தடுமாறுவாள். தடுமாறட்டும், நகைப்பதை மட்டும் நாம் விட்டுவிடுவோம்.